காப்பீட்டுத் தொல்லியல்

காப்பீட்டுத் தொல்லியல் என்பது, பல பத்தாண்டுகளுக்கு முன்னர் பெறப்பட்டுக் காலாவதியாகிப்போன பொறுப்புக் காப்பீட்டுப் பத்திரங்களைத் தேடிக் கண்டெடுத்து, அவற்றை வழங்கியவர் யார், அவற்றின் விதிகள் யாவை, உச்சவரம்பு எவ்வளவு என்பவற்றை நிறுவும் பணி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் 1980களில் இது ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்துவிட்ட நச்சுப் பொருட்களை அகற்றுவதற்கான செலவை, அந்த நச்சு கசிந்துகொண்டிருந்த ஆண்டுகளின் காப்பீட்டிலிருந்து பெறுவதே இதன் முதன்மையான பயன்பாடு.

அந்நாட்டில் 1986 முதல் விற்கப்படும் வழமையான பொதுப் பொறுப்புக் காப்பீடு மாசுறுதலை ஏறத்தாழ முழுமையாக விலக்கிவிடுகிறது. அதற்கு முந்திய பத்திரங்கள் அவ்வாறு விலக்கவில்லை, அல்லது அரைகுறையாகவே விலக்கின. இதனால், மாசடைந்த நிலம் ஒன்றின் உரிமையாளருக்கு இவ்வாண்டு வாங்கிய காப்பீட்டைக் காட்டிலும் 1962 ஆம் ஆண்டின் மஞ்சளடித்த தாள் கூடுதல் மதிப்புடையதாக இருக்கக்கூடும்.

பெயர்

ஆங்கிலத்தில் 'இன்சூரன்ஸ் ஆர்க்கியாலஜி' என வழங்கும் தொடரின் தமிழாக்கமே இக்கட்டுரையின் தலைப்பு. இப்பணியில் மண்ணைத் தோண்டும் வேலை எதுவும் இல்லை. தோண்டப்படுவன கணக்குப் பேரேடுகளும் பழைய கோப்புப் பெட்டிகளுமே. எனினும் உடைந்த சில ஓடுகளைக் கொண்டு முழுப் பானையின் வடிவத்தை ஊகித்தறியும் தொல்லியலாளரைப் போலவே, இத்தொழில் செய்வோரும் சில சிதறிய குறிப்புகளிலிருந்து ஒரு முழுப் பத்திரத்தை மீட்டமைக்கின்றனர். அவ்வகையில் பெயர் பொருத்தமானதே.

காப்பீடு இலங்கையில் காப்புறுதி என வழங்கப்படும். ஒருவர் தமது சொந்தக் கட்டடத்துக்கோ பொருளுக்கோ நேரும் இழப்பை ஈடுசெய்வது ஒரு வகைக் காப்பீடு. அவர் பிறருக்கு விளைவித்த சேதத்துக்காகச் சட்டப்படி செலுத்த வேண்டிய தொகையை அவருக்காகச் செலுத்துவது மற்றொரு வகை. இரண்டாவது வகையே பொறுப்புக் காப்பீடு எனப்படுகிறது. இக்கட்டுரை அதனைப் பற்றியது.

பின்னணி

நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில், வெட்டத் தொடங்கிப் பாதியில் கைவிடப்பட்ட லவ் கால்வாய் என்னும் பள்ளம் இருந்தது. ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் 1942க்கும் 1953க்கும் இடையில் ஏறத்தாழ 21,000 டன் வேதிக் கழிவுகளை அதில் புதைத்து, மண்ணால் மூடி, 1953 இல் அந்நிலத்தை நகரப் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்கு விற்றது. அங்கே பள்ளிக்கூடம் எழுந்தது. அருகில் வீடுகள் எழுந்தன. 1970களின் பிற்பகுதியில் கழிவுகள் வீடுகளின் நிலவறைகளுக்குள் கசிந்து வந்தன. 1978 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் அங்கு நெருக்கடி நிலையை அறிவித்தார். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேறின.

இந்நிகழ்வின் விளைவாக, பொதுவாக 'சூப்பர்ஃபண்ட்' என அழைக்கப்படும் கூட்டாட்சிச் சட்டம் 1980 டிசம்பர் 11 அன்று நடைமுறைக்கு வந்தது. மாசடைந்த இடத்தின் இன்றைய உரிமையாளர், கழிவு கொட்டப்பட்ட காலத்தின் உரிமையாளர், கழிவை அங்கு அனுப்ப ஏற்பாடு செய்தவர், அதனை ஏற்றிச் சென்றவர் ஆகிய அனைவரையும் இச்சட்டம் பொறுப்பாக்குகிறது. கவனக்குறைவு இருந்ததா என்று அது கேட்பதில்லை. செய்த காலத்தில் அச்செயல் சட்டத்துக்கு உட்பட்டிருந்தது என்பதும் விடையாகாது. சேதத்தைப் பிரித்துக் காட்ட இயலாத நிலையில் பொறுப்பாளர்களில் எவர் ஒருவரிடமிருந்தும் முழுத் தொகையையும் கோரலாம்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்த செயலுக்குப் பல இலட்சம் டாலர் செலவு வந்து நின்றபோது, அவ்வளவு தொகை எங்கே கிடைக்கும் என்ற கேள்வி எழுந்தது. வழக்கறிஞர்கள் பழைய காப்பீட்டுப் பத்திரங்களைப் புரட்டத் தொடங்கியது அப்போதுதான்.

காலாவதியான பத்திரம் பணம் தருவது எவ்வாறு

கெடு முடிந்த காப்பீடு செத்துப்போன காப்பீடு என்றே பெரும்பாலோர் கருதுவர். வாகனக் காப்பீட்டைப் புதுப்பிக்கத் தவறியவர் மறுநாள் விபத்துக்கு எதுவும் பெற முடியாது என்பது உண்மையே. ஆனால் நேற்று, காப்பீடு நடப்பில் இருந்தபோது நடந்த விபத்துக்கு அவர் இன்று இழப்பீடு கோரலாம் அல்லவா? இதே கொள்கை நாற்பது ஆண்டுகளுக்கு நீட்டப்படுகிறது.

அமெரிக்கக் காப்பீட்டுத் துறை 1940களின் தொடக்கத்தில், எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தத்தக்க 'விரிவான பொதுப் பொறுப்புக் காப்பீடு' என்னும் ஒரு பொதுப் படிவத்தை உருவாக்கியது. தொடக்கப் படிவங்கள் 'விபத்து' என்ற சொல்லைக் கையாண்டன. 1966 ஆம் ஆண்டுப் படிவம் அதன் இடத்தில் 'நிகழ்வு' என்ற சொல்லை வைத்து, ஒரே நாளில் நேர்வது மட்டுமன்றித் தொடர்ந்தோ திரும்பத் திரும்பவோ ஒரு நிலைமைக்கு ஆட்படுவதால் விளையும், எதிர்பார்க்கப்படாத சேதமும் அதில் அடங்கும் என்று விளக்கியது. இவ்வகைப் பத்திரம் நிகழ்வு அடிப்படையிலானது. சேதம் காப்பீட்டுக் காலத்துக்குள் நேர்ந்திருந்தால் போதும். கோரிக்கை எப்போது எழுகிறது என்பது பொருட்டல்ல. கோரிக்கை வரும் ஆண்டின் பத்திரமே பொறுப்பேற்கும் 'கோரிக்கை அடிப்படைக் காப்பீடு' இதிலிருந்து முற்றிலும் வேறானது.

நிலத்தடி மாசு ஒரே நாளில் நேர்வதன்று. 1955 இல் தரையில் சிந்திய கரைப்பான் ஆண்டுக்குச் சில அடிகள் என நகர்ந்து 1985 இல் அண்டை வீட்டுக் கிணற்றை அடையலாம். அப்படியானால் எந்த ஆண்டின் பத்திரம் பொறுப்பேற்க வேண்டும்? கல்நார் நோய்கள் தொடர்பான கீன் வழக்கில் வாசிங்டன் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1981 இல் அளித்த தீர்ப்பு இதற்கு வழிகாட்டியது. நோயாளி கல்நார்த் துகளைச் சுவாசித்த காலம், நோய் உடலுக்குள் வளர்ந்த காலம், அது வெளிப்பட்ட காலம் ஆகிய மூன்றிலும் நடப்பில் இருந்த எல்லாப் பத்திரங்களும் பொறுப்பேற்கும் என அத்தீர்ப்பு கூறியது. கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1995 இல் மான்ட்ரோஸ் கெமிக்கல் வழக்கில் இதனையொத்த 'தொடர் சேத'க் கொள்கையை நில, நீர் மாசுக்கும் ஏற்றுக்கொண்டது. டிடிடி பூச்சிக்கொல்லியைத் தயாரித்த அந்நிறுவனம், சேதம் நீடித்த ஒவ்வோர் ஆண்டின் பத்திரத்தையும் நாடலாம் என்றாயிற்று. இத்தீர்ப்புக்குப் பின் தேடப்பட்டது ஒரு பத்திரம் அன்று. ஆண்டுக்கொன்றாக அடுக்கி வைத்த பத்திரங்களின் வரிசை முழுவதும்.

தேடும் முறை

காலாவதியான பத்திரத்தைப் பாதுகாத்து வைக்க ஒருவருக்கும் காரணம் இருந்ததில்லை. வருமான வரிக் கோப்புகளோடு சேர்த்துச் சில ஆண்டுகளில் அவை குப்பைக்குப் போயின. நிறுவனம் கைமாறியது, அலுவலகம் இடம் மாறியது, நிலவறையில் வெள்ளம் புகுந்தது. காப்பீட்டு நிறுவனங்களும் தங்கள் படிகளை அழித்திருந்தன, அல்லது அவ்வாறு கூறின.

எனவே தேடல் பெரும்பாலும் பத்திரத்தில் தொடங்குவதில்லை. அது விட்டுச்சென்ற தடங்களில் தொடங்குகிறது. பேரேட்டில் பிரீமியம் செலுத்திய பதிவு நிறுவனத்தின் பெயரையும் சில வேளைகளில் பத்திர எண்ணையும் தரும். இயக்குநர் குழுக் கூட்டக் குறிப்புகளில் காப்பீட்டைப் புதுப்பிக்க ஒப்புதல் அளித்த தீர்மானம் இருக்கலாம். பொறுப்புக் காப்பீட்டின் பிரீமியம் ஊதியச் செலவையோ விற்பனையையோ கொண்டு கணக்கிடப்பட்டதால், ஆண்டு இறுதியில் நிறுவனம் அனுப்பிய தணிக்கையாளரின் அறிக்கையும் சான்றாகும். பழைய விபத்து வழக்கு ஒன்றின் நீதிமன்றக் கோப்பும் பயன்படும்: 1959 இல் வழுக்கி விழுந்த வாடிக்கையாளருக்கு இழப்பீடு வழங்கிய நிறுவனம் எதுவோ, அதுவே அவ்வாண்டின் காப்பீட்டாளர்.

தனது வீட்டில் கிடைக்காதது பிறர் வீட்டில் கிடைக்கலாம் என்பது இத்தொழிலின் அடிப்படைப் பாடம். கடைக்கு இடம் வாடகைக்குக் கொடுத்தவர், கடன் கொடுத்த வங்கி, தொழிற்சாலைக்குள் கிளைத் தண்டவாளம் போட்ட இரயில் நிறுவனம், ஒப்பந்த வேலை கொடுத்த நகராட்சி அல்லது படைத்துறை ஆகிய எல்லோரும் 'உமக்குக் காப்பீடு உண்டா' என்று கேட்டு ஒரு சான்றிதழைப் பெற்றுக் கோப்பில் வைத்திருப்பர். தரகரின் அலுவலகம் மற்றொரு சுரங்கம். பெரிய நிறுவனங்கள் முதல்நிலைக் காப்பீட்டின் மேல் மேலடுக்குக் காப்பீடுகளையும் வாங்கின. மேலடுக்குப் பத்திரத்தின் இணைப்புப் பட்டியலில், அதன் அடியிலுள்ள பத்திரங்களின் எண், காலம், உச்சவரம்பு அனைத்தும் குறிக்கப்பட்டிருக்கும். இலண்டனில் தப்பிப் பிழைத்த ஒரு மேலடுக்குப் பத்திரம் அமெரிக்காவில் அழிந்துபோன முதல்நிலைப் பத்திரத்தை நிறுவ இதனால் உதவுகிறது.

பத்திரம் கிடைத்ததும், அதனை வழங்கிய நிறுவனம் இன்று எங்கே என்று தேட வேண்டும். 1792 இல் பிலடெல்பியாவில் தொடங்கிய வட அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் 1982 இல் வேறொரு நிறுவனத்துடன் இணைந்து சிக்னா ஆயிற்று. சிக்னாவின் சொத்து, விபத்துக் காப்பீட்டுப் பிரிவை 1999 இல் ஏஸ் நிறுவனம் வாங்கியது. ஏஸ் 2016 இல் சப் நிறுவனத்தை வாங்கி அதன் பெயரையே சூடிக்கொண்டது. சில நிறுவனங்களுக்கு வாரிசே இல்லை. 1853 இல் தோன்றிய ஹோம் இன்சூரன்ஸ் நிறுவனத்தை 2003 இல் நியூ ஹாம்ப்சயர் நீதிமன்றம் கலைக்க ஆணையிட்டது. அதன் பத்திரத்தை வைத்திருப்பவர் கடன்காரர்களின் வரிசையில் நிற்க வேண்டியவரே.

தொலைந்த பத்திரத்தை மெய்ப்பித்தல்

மூல ஆவணத்தையே முன்வைக்க வேண்டும் என்பது சான்றுச் சட்டத்தின் பொது விதி. ஆனால் மூலம் தீய நோக்கமின்றித் தொலைந்திருந்தாலோ அழிந்திருந்தாலோ அதன் உள்ளடக்கத்தை வேறு சான்றுகளால் காட்டலாம் என அமெரிக்கக் கூட்டாட்சிச் சான்று விதிகளில் 1004 ஆம் விதி இடமளிக்கிறது. மேலும், 'தொன்மையான ஆவணம்' என்னும் விதிவிலக்கின்படி, இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆவணத்தில் உள்ள கூற்றை, எழுதியவர் நேரில் வந்து சாட்சி கூறாவிடினும் ஏற்கலாம் என்றிருந்தது. மின்னணு ஆவணங்கள் பெருகியதால் 2017 இல் இவ்விதி மாற்றப்பட்டு, 1998 சனவரி 1க்கு முன் உருவானவற்றுக்கு மட்டுமென வரையறுக்கப்பட்டது. பழைய பத்திரங்களைத் தேடுவோருக்கு இம்மாற்றத்தால் பாதிப்பில்லை. அவர்களுக்கு வேண்டிய ஆண்டுகள் எல்லாம் அக்கோட்டுக்கு அப்பாலேயே உள்ளன.

பொதுப் படிவம் இங்கே பேருதவி புரிகிறது. ஒரு பேரேட்டு வரியும் ஒரு சான்றிதழும் சேர்ந்து நிறுவனத்தின் பெயரையும் ஆண்டையும் உச்சவரம்பையும் தந்துவிட்டால், அவ்வாண்டில் அந்நிறுவனம் பயன்படுத்திய அச்சுப் படிவத்தின் மாதிரியைக் கொண்டு எஞ்சிய சொற்களை நிரப்பலாம். ஒரே அச்சில் வார்த்த செங்கற்களில் ஒன்று போனால் மற்றொன்றைக் காட்டுவது போன்றதே இது. பத்திரம் இருந்தது என்பதை மெய்ப்பிக்கும் சுமை காப்பீடு பெற்றவருடையது. விலக்கு விதி ஒன்று பொருந்தும் என்பதை மெய்ப்பிக்கும் சுமை பொதுவாகக் காப்பீட்டு நிறுவனத்தினுடையது.

ஓரிகன் மாநிலம் 1999 இல் இயற்றி 2003, 2013 ஆகிய ஆண்டுகளில் திருத்திய சுற்றுச்சூழல் தூய்மையாக்க உதவிச் சட்டம், தொலைந்த பத்திரங்களைத் தேடுவதில் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் கடமை விதிக்கிறது. போர்ட்லாந்து துறைமுகப் பகுதியில் வில்லமெட் ஆற்றின் படுகை 2000 இல் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2017 இல் முடிவான திட்டத்தின்படி அதனைத் தூய்மையாக்க நூறு கோடி டாலருக்கு மேல் தேவைப்படும் என மதிப்பிடப்பட்டது. ஆற்றங்கரையில் நீண்டகாலம் தொழில் நடத்திய பலருக்குப் பழைய பத்திரங்கள் தேவைப்பட்ட சூழல் இது.

நீதிமன்றங்களில் எழுந்த கேள்விகள்

காப்பீட்டுச் சட்டம் அமெரிக்காவில் மாநிலச் சட்டம் ஆகும். ஒரே படிவத்தின் ஒரே சொல்லுக்கு ஒரு மாநிலத்தில் ஒரு பொருளும் அடுத்த மாநிலத்தில் மற்றொரு பொருளும் இருப்பது இதனாலேயே.

முதற் கேள்வி, தூய்மையாக்கும் செலவு 'இழப்பீடு' ஆகுமா என்பது. பத்திரம் இழப்பீட்டையே தருவதாகக் கூறுகிறது. அரசின் ஆணைப்படி மண்ணை அள்ளுவது இழப்பீடு அன்று என்பது காப்பீட்டு நிறுவனங்களின் வாதம். எட்டாம் வட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988 இல் இதனை ஏற்றது. கலிபோர்னிய, வாசிங்டன் மாநில உச்ச நீதிமன்றங்கள் 1990 இல் மறுத்தன. விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 1994 இல் நிறுவனங்களின் பக்கம் நின்று, 2003 இல் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் வழக்கில் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. நாட்டின் பெரும்பாலான உயர் நீதிமன்றங்கள் காப்பீடு பெற்றவர் பக்கமே தீர்ப்பளித்தன.

இரண்டாவது, மிகுந்த பூசலை விளைவித்த கேள்வி, ஒரேயொரு தொடரைப் பற்றியது. 1970 இல் பின்னிணைப்பாகவும் 1973 இல் படிவத்தின் பகுதியாகவும் வந்த விலக்கு விதி, மாசுறுதலை விலக்கிவிட்டு, கசிவு 'திடீரெனவும் தற்செயலாகவும்' நேர்ந்தால் மட்டும் அவ்விலக்கு பொருந்தாது என்றது. 'திடீர்' என்பது காலத்தைக் குறிக்கிறது, பல ஆண்டுக் கசிவு திடீர் ஆகாது என்றன காப்பீட்டு நிறுவனங்கள். எதிர்பாராதது என்பதே அதன் பொருள் என்றனர் மற்றவர்கள். 1970 இல் இவ்விதிக்கு மாநில ஒழுங்குமுறை அதிகாரிகளின் ஒப்புதலைக் கோரியபோது, இது ஏற்கனவே உள்ளதைத் தெளிவாக்குவது மட்டுமே என்று காப்பீட்டுத் துறை கூறியிருந்தது. பாதுகாப்பைக் குறைக்கிறோம் என்று கூறவில்லை. பிரீமியத்தையும் அதற்கேற்பக் குறைக்கவில்லை. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1993 இல் மார்ட்டன் இன்டர்நேஷனல் வழக்கில் இதனைச் சுட்டிக்காட்டி, அன்று அதிகாரிகளிடம் கூறியதற்கு மாறாக இன்று வாதிட இயலாது எனத் தீர்ப்பளித்தது. எல்லா மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றவில்லை. 1970க்கு முந்திய பத்திரங்களைத் தேடுவோர் சிறப்பாக விரும்புவதற்கு இவ்விதியின்மையே காரணம்.

மூன்றாவது, பங்கீடு. நச்சு 20 ஆண்டுகள் கசிந்தது, காப்பீடு 5 ஆண்டுகளுக்கே கிடைத்தது, செலவு இரண்டு கோடி டாலர் எனக் கொள்வோம். காலத்துக்கேற்பப் பிரிக்கும் முறையில் காப்பீட்டாளர்கள் தரவேண்டியது ஐம்பது இலட்சம் மட்டுமே. 'எல்லாத் தொகையும்' என்னும் முறையில், பத்திரத்தின் உச்சவரம்பு இடம்தரும் அளவுக்கு, அந்த ஐந்தாண்டுகளின் காப்பீட்டாளர்களிடமிருந்தே முழுவதையும் கேட்கலாம். மாசாசூசெட்ஸ் 2009 இல் முதல் முறையைத் தேர்ந்தது. ஓகையோ 2002 இல் இரண்டாவதைத் தேர்ந்தது. நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 இல் கீஸ்பான் வழக்கில், பழைய நிலக்கரி வாயு ஆலைகளின் மாசைப் பற்றிய விடயத்தில், சந்தையில் அத்தகைய காப்பீடே கிடைக்காத ஆண்டுகளின் பங்கையும் காப்பீடு பெற்றவரே சுமக்க வேண்டும் என்றது.

ஸ்ட்ரிங்ஃபெலோ அமிலக் குழிகள்

பங்கீட்டுக் கேள்வியில் கலிபோர்னியாவின் விடையைத் தீர்மானித்த வழக்கில் காப்பீடு பெற்றவர் தனியார் நிறுவனம் அல்லர், கலிபோர்னிய அரசே.

தொழிற்சாலைக் கழிவுகளைக் கொட்ட ஓர் இடம் தேவைப்பட்டபோது, ரிவர்சைடு மாவட்டத்தில் கிளென் ஏவன் என்னும் ஊருக்கு மேலே ஒரு பள்ளத்தாக்கில் இருந்த கற்சுரங்கம் பொருத்தமானது என 1955 இல் மாநில நிலவியலாளர் ஒருவர் முடிவு செய்தார். அடியில் நீர் ஊடுருவாத பாறை உள்ளது என்பது கணிப்பு. ஆனால் பாறையில் வெடிப்புகள் இருந்தன. ஏறத்தாழ 70 அடி ஆழத்தில் நீர்த்தாங்கி ஒன்றும் ஓடியது. குழிகள் 1956 இல் திறக்கப்பட்டன. 1972 இல் மூடப்படும் வரை மூன்று கோடி காலனுக்கும் மேற்பட்ட திரவக் கழிவு, அதாவது 11 கோடி லிட்டருக்கும் மேல், அங்கே ஊற்றப்பட்டது. 1969 இன் பெருமழையில் குழிகள் நிரம்பி வழிந்தன. 1978 இல் மீண்டும் பெருமழை பெய்தபோது, அணை உடைந்தால் மேலும் பெரிய கேடு நேரும் என்றஞ்சிய அரசு, கழிவு கலந்த நீரை அளவோடு வெளியேற்றியது. அது ஊருக்குள் ஓடியது.

இடத்தைத் தேர்ந்ததிலும் வடிவமைத்ததிலும் மேற்பார்வையிலும் அரசு கவனக்குறைவாக இருந்தது என 1998 இல் கூட்டாட்சி நீதிமன்றம் முடிவு செய்தது. தூய்மையாக்கும் செலவு 70 கோடி டாலர் வரை போகலாம் என அரசு கணக்கிட்டது. அரசிடம் 1963க்கு முன்பும் 1978க்குப் பின்பும் காப்பீடு இல்லை. இடைப்பட்ட காலத்தில், 1964க்கும் 1976க்கும் இடையில் பல நிறுவனங்கள் வழங்கிய மேலடுக்குப் பத்திரங்கள் இருந்தன.

கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 2012 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. எந்த ஆண்டில் எவ்வளவு நச்சு நீரில் சேர்ந்தது என்று யாராலும் பிரித்துக் கூற முடியாது. பத்திரமோ, காப்பீடு பெற்றவர் சட்டப்படி செலுத்த நேரும் எல்லாத் தொகையையும் தருவதாக வாக்களிக்கிறது. தன் காலத்துக்குரிய பங்கை மட்டும் தருவதாகக் கூறவில்லை. எனவே ஒவ்வொரு நிறுவனமும் தன் உச்சவரம்பு வரை முழுச் சேதத்துக்கும் பொறுப்பு. அத்துடன், பல ஆண்டுகளின் உச்சவரம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டிக்கொள்ளவும் அரசுக்கு உரிமை உண்டு. முன்னர் குறிப்பிட்ட மான்ட்ரோஸ் நிறுவனத்தின் கழிவுகளும் இதே குழிகளுக்கு வந்தவையே என்பதால், இருபதாண்டுக்கும் குறைவான இடைவெளியில் கலிபோர்னியச் சட்டத்தின் இரு தூண்களை இப்பள்ளத்தாக்கு தந்தது எனலாம்.

சிறு தொழில்கள்

இத்துறையைப் பற்றிய பேச்சில் பெருநிறுவனங்களின் பெயர்களே அடிபடினும், பழைய பத்திரம் ஒன்று வாழ்வா சாவா என்னும் அளவுக்கு முக்கியமாவது உலர் சலவைக் கடைக்கும் பெட்ரோல் நிலையத்துக்கும்தான். சலவையில் பயன்படும் பெர்குளோரோஎதிலீன் நீரைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு அடர்த்தியானது. தரையில் சிந்தினால் மண்ணின் ஊடே நீர்மட்டத்தையும் கடந்து கீழிறங்கித் தேங்கி, நீண்ட காலம் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டே இருக்கும். குடிநீரில் இதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அனுமதிக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அளவில் சிறிய கசிவுகூட ஒரு குடும்பக் கடையின் மதிப்பைப் பன்மடங்கு மிஞ்சும் செலவை வைத்துவிடும். கடையை விற்று ஓய்வு பெறலாம் என்று எண்ணும்போது, வாங்குபவரின் வங்கி கேட்கும் மண் பரிசோதனையில் இது வெளிப்படுவது வழக்கமான கதை.

இத்தகையோருக்குப் பத்திரத்தின் மற்றொரு வாக்குறுதி மிகவும் பயன்படுகிறது. இழப்பீடு தருவது மட்டுமன்றி, காப்பீடு பெற்றவருக்காக வழக்கை எதிர்கொள்வதும் நிறுவனத்தின் கடமை. பழைய முதல்நிலைப் பத்திரங்கள் பலவற்றில் வழக்கறிஞர் செலவு உச்சவரம்புக்குள் கணக்கிடப்படுவதில்லை. 50,000 டாலர் உச்சவரம்பு கொண்ட 1960களின் பத்திரம், அதனைவிடப் பெரிய தொகையை வழக்குச் செலவாக ஈட்டித் தரலாம். நிலம் தனக்கே உரியதாயின் அதன் சேதத்துக்குப் பொறுப்புக் காப்பீடு பணம் தராது என்ற விலக்கும் உண்டு. நிலத்தடி நீர் அடுத்தவர் நிலத்துக்கும் பொதுமக்களுக்கும் உரியது என்பதால், அதனைப் பாதித்த அல்லது பாதிக்கவிருக்கும் மாசுக்குப் பல நீதிமன்றங்கள் இவ்விலக்கைப் பொருத்துவதில்லை.

இந்தியானா மாநிலம் ஒரு படி மேலே சென்றது. பெட்ரோல் கசிவு பற்றிய கைகர் வழக்கில் 1996 இல் அதன் உச்ச நீதிமன்றம், பெட்ரோல் நிலையத்துக்கு விற்ற பத்திரத்தில் 'மாசுப்பொருள்' என்ற சொல் பெட்ரோலையும் குறிக்கும் என்பது தெளிவாக இல்லை என்று கூறி, 1986க்குப் பிந்திய முழு விலக்கு விதியையே பொருந்தாது என்றது.

லாயிட்சும் இழப்புகளும்

ஒருவர் பெறும் பணம் வேறொருவர் இழக்கும் பணமே. அமெரிக்க மேலடுக்குப் பத்திரங்கள் பலவற்றை எழுதியது இலண்டனின் லாயிட்ஸ் சந்தை. அங்கே முதலீடு செய்தோர் 'நேம்ஸ்' எனப்பட்ட தனி மனிதர்கள். தமது உடைமை முழுவதையும் பிணையாக வைத்த அவர்களின் பொறுப்புக்கு எல்லை இல்லை. அமெரிக்கக் கல்நார், மாசு வழக்குகளும் அக்காலத்தின் பேரழிவுகளும் சேர்ந்து 1988 முதல் 1992 வரையிலான ஆண்டுகளில் லாயிட்சுக்கு 800 கோடி பவுண்டு அளவில் இழப்பை ஏற்படுத்தின. தாம் பிறப்பதற்கும் முன் எழுதப்பட்ட பத்திரங்களுக்காகச் சிலர் வீடு வாசலை இழந்தனர். 1992க்கும் அதற்கு முன்புக்கும் உரிய பொறுப்புகளை ஏற்க 1996 இல் எக்விட்டாஸ் என்னும் தனி நிறுவனம் அமைக்கப்பட்டது. அதன் சுமையை 2007 இல் வாரன் பஃபெட்டின் பெர்க்சயர் ஹாத்தவே குழுமம் மறுகாப்பீட்டின் மூலம் ஏற்றது.

மாசு பற்றி அறிவியலே அறியாத காலத்தில், அதற்கெனப் பிரீமியம் பெறாத பத்திரங்களை நீதிமன்றங்கள் பின்னோக்கி விரித்துவிட்டன என்பது காப்பீட்டுத் துறையின் குறை. 'விரிவான' என்று பெயரிட்டு விற்றவர்களே அதன் விரிவைக் கண்டு அஞ்சுவதேன் என்பது எதிர்த்தரப்பின் விடை. இருதரப்பும் மறுக்க முடியாத ஓர் உண்மையை ராண்ட் ஆய்வு நிறுவனம் 1992 இல் வெளியிட்டது. காப்பீட்டு நிறுவனங்கள் சூப்பர்ஃபண்ட் தொடர்பாகச் செலவிட்ட தொகையில் 88 விழுக்காடு வழக்காடலுக்கும் அதனைச் சார்ந்த செலவுகளுக்குமே சென்றது என அவ்வாய்வு கண்டது. மண்ணைச் சென்றடைந்தது எஞ்சியதே.

இதனால் பல வழக்குகள் தீர்ப்புக்கு முன்பே உடன்பாட்டில் முடிகின்றன. அத்தகைய உடன்பாட்டில் காப்பீட்டு நிறுவனம் ஒரு தொகையைக் கொடுத்துப் பத்திரத்தையே திரும்ப வாங்கிக்கொள்வது உண்டு. அதன்பின் அப்பத்திரத்தின் கீழ் வேறெந்தக் கோரிக்கையும் எழ முடியாது. புதிய நச்சு ஒன்று பின்னாளில் அதே நிலத்தில் கண்டறியப்பட்டாலும் உரிமையாளர் கையில் எதுவும் இராது.

பிற நாடுகள்

பழைய பத்திரங்களின் இப்பயன்பாடு அமெரிக்காவுக்கு வெளியே அவ்வளவாகப் பரவவில்லை. இங்கிலாந்தின் பெவர்லி நகரில் 2003 இல் பார்ட்டோலைன் நிறுவனத்தின் பசைத் தொழிற்சாலை தீப்பற்றி, தீயணைப்பு நுரையும் வேதிப்பொருட்களும் நீரோடைகளில் கலந்தன. அதனைத் தூய்மையாக்கிய சுற்றுச்சூழல் முகமை செலவை நிறுவனத்திடம் வசூலித்தது. அத்தொகை சட்டம் விதித்த கடன் ஆகும், இழப்பீடு ஆகாது. எனவே பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் அடங்காது என உயர் நீதிமன்றம் 2006 இல் தீர்ப்பளித்தது. அமெரிக்க நீதிமன்றங்கள் பல நிராகரித்த அதே வாதம் இங்கே வென்றது.

அண்மைய வளர்ச்சி

தீயணைப்பு நுரை, கறை ஒட்டாத துணி முதலியவற்றில் பயன்பட்ட, இயற்கையில் எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள் இரண்டை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 இல் சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் கீழ் தீங்கு விளைவிக்கும் பொருட்களாக அறிவித்தது. இச்சேர்மங்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே புழக்கத்தில் இருந்தவை. வானூர்தி நிலையங்களும் நகராட்சிகளும் நீர் வழங்கும் அமைப்புகளும் இதனால் தமது பழைய பேரேடுகளையும் தரகர் கடிதங்களையும் புரட்ட வேண்டியவர்களின் வரிசையில் சேர்ந்துள்ளன.